தற்காப்புக்குச் சட்டம் தெளிவு தரட்டும்!

சென்ற வாரம் ஒரு மாலைப்பொழுது. தீவகத்தைச் சேர்ந்த தந்தையொருவர் எமது சட்ட அலுவலகத்துக்கு வந்தார். மடியிலிருந்த கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, மேசைமீது சிறு தகரக் குப்பி ஒன்றை வைத்தார். விரல் நீளம்; தலைப்பக்கத்திற் பொத்தான்; உடலெங்கும் ஜேர்மன் மொழி எழுத்து. ஜேர்மனியில் வாழும் மைத்துனர் விடுமுறைக்கு வந்தபோது தமது மருமகளுக்கென்று கொண்டுவந்தாராம். அந்தப் பிள்ளை யாழ்ப்பாண நகரில் ஒரு கடையிற் கணக்கெழுதுகிறாள். கடை பூட்டியபின் பஸ் பிடித்து, சந்தியில் இறங்கி, பனங்காணிகளுக்கூடாக அரைக் கட்டைத் தூரம் நடந்து வீடுசேர இரவு எட்டு மணியாகிவிடுகிறது. "ஐயா, இதைப் பிள்ளை கைப்பையில் வைத்துக்கொண்டு திரியலாமோ? பொலிஸ் கண்டால் என்ன செய்யும்?" என்று அவர் கேட்டார்.

நீதிமன்றப் படிகளில் இருபது ஆண்டுகளாக ஏறியிறங்கும் எமக்கு, அந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூற முடியவில்லை. ஆம் என்று கூறினால், அப்பிள்ளையை ஒரு வழக்கினுள் தள்ளிவிடும் ஆபத்து உண்டு. இல்லை என்று கூறினால், அவளை வெறுங்கையோடு இருட்டில் நடக்கவிட்ட பழி எம்மைச் சேரும். சட்டம் படித்தவனுக்கே விடை தெளிவாக இல்லையென்றால், சட்டப் புத்தகத்தைக் கண்ணாலும் காணாத ஒரு கடைப்பிள்ளை என்ன செய்வாள்?

இக்கேள்வி ஒரு வீட்டின் கேள்வியன்று. பெண்பிள்ளையை வேலைக்கும் படிப்புக்கும் அனுப்பிவிட்டு வாசலிற் காத்திருக்கும் ஒவ்வொரு வீட்டின் கேள்வியும் இதுவே. விடை கூறவேண்டியவர்கள் அரசினர். அவர்கள் வாய் திறவாதிருப்பதனாலேயே நாம் இன்று இதைப்பற்றி எழுத நேர்ந்தது.

குப்பிக்குள் இருப்பது என்ன?

ஆங்கிலத்தில் இதனைப் "பெப்பர் ஸ்பிறே" என்பர். பெயரில் மிளகு இருப்பினும் உள்ளே இருப்பது மிளகாய். மிளகாய்க்கு உறைப்பைக் கொடுக்கும் கப்சேசின் என்னும் பொருளை எண்ணெய்ப் பசையாகப் பிரித்தெடுத்து, அழுத்தமூட்டிய வாயுவோடு குப்பியில் அடைக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் அது சில அடி தூரம் பாயும். முகத்திற் பட்டவனுடைய கண்கள் தாமாகவே மூடிக்கொள்ளும். இருமலும் மூச்சுத் திணறலும் உண்டாகும். பெரும்பாலும் அரைமணி, முக்கால்மணி நேரத்தில் வேதனை தணியும். தாக்கவந்தவன் தடுமாறும் அந்த நேரத்தில் ஓடித் தப்புவதற்கே இக்கருவி.

செம்மண் தோட்டங்களில் மிளகாய் விளைவித்து, முற்றத்திற் பாய் விரித்துச் செத்தல் காயவைக்கும் எமது ஊர்களுக்கு இதில் விளக்கம் வேண்டியதில்லை. அடுப்பில் மிளகாய் வறுபடும்போது வீடு முழுவதும் இருமுவதை அறியாதவர் யார்? சனநெரிசலான பஸ்ஸிலே சட்டை ஊசியை விரல்களுக்கிடையில் மறைத்து வைத்திருந்த பெண்கள் எம் தாய்மாரின் தலைமுறையிலும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். கருவி புதிது, தேவை பழையது.

சட்டக்கோவை சொல்வது

தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை யாரும் எமக்குப் பிச்சையாக இட்டதன்று. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில், 89ஆம் பிரிவு தொடக்கம் 99ஆம் பிரிவு வரை அந்த உரிமை வகுத்துக் கூறப்பட்டுள்ளது. தற்காப்பு உரிமையைப் பிரயோகித்துச் செய்யும் எச்செயலும் குற்றமாகாது என்கிறது 89ஆம் பிரிவு. தன் உடலை மட்டுமன்றிப் பிறர் உடலையும், தன் உடைமையையும் பிறர் உடைமையையும் காக்கலாம் என்கிறது 90ஆம் பிரிவு. பாலியல் வல்லுறவு நோக்கத்தோடு தாக்க வருபவனைத் தடுப்பதற்கு இவ்வுரிமை அவனுடைய உயிரைப் போக்குமளவுக்கும் நீளும் என்பது 93ஆம் பிரிவு.

ஆனால், இவ்வுரிமைக்கு 92ஆம் பிரிவு இரண்டு வேலிகளை இட்டிருக்கிறது. காப்பதற்குத் தேவையானதிலும் கூடுதலான தீங்கைச் செய்தல் ஆகாது. அரச அதிகாரிகளின் பாதுகாப்பை நாடுவதற்கு நேரம் இருக்கும்போது, இவ்வுரிமையைக் கையிலெடுத்தலும் ஆகாது. இவ்விரண்டாவது வேலியை வாசகர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். இக்கட்டுரையின் வாதம் அதன்மீதே நிற்கிறது.

உரிமை உண்டென்றால், அதற்கான கருவியைக் கையில் வைத்திருக்கலாமா? இங்கேதான் சட்டம் மௌனம் சாதிக்கிறது. சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. துப்பாக்கியை எண்ணி எழுதப்பட்டது. தாக்கும் ஆயுதங்கள் சட்டம் 1966ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம். வெடிகுண்டையும் கைக்குண்டையும் குறியாகக் கொண்டது. கத்தி கொண்டு திரிவதைக் கட்டுப்படுத்தவும் பிரித்தானியர் காலத்திலேயே தனிச் சட்டம் செய்யப்பட்டது. இவையெல்லாம், கைப்பையில் அடங்கும் மிளகாய்க் குப்பி கடைக்கு வருவதற்கு முன் எழுதப்பட்டவை. அக்குப்பியை மனத்திற் கொண்டு எழுதப்பட்டது இவற்றுள் ஒன்றேனும் இல்லை.

தண்டனைச் சட்டக்கோவையின் 315ஆம் பிரிவும் உண்டு. ஆபத்தான ஆயுதங்களாலோ வழிகளாலோ காயம் விளைத்தலைத் தண்டிக்கும் அப்பிரிவு, உடலுக்குக் கேடாகச் சுவாசிக்கப்படும் பொருளையும் தன் வரிசையிற் சேர்த்திருக்கிறது. ஆகவே, தற்காப்பென்று நிறுவ முடியாதவரை அப்பிரிவு பற்றிக்கொள்ளக்கூடும். வைத்திருப்பது குற்றமா என்பதற்கு நேரான விடை இல்லை. பயன்படுத்தியபின் குற்றமாகலாம் என்பதற்கு மட்டும் பிரிவு இருக்கிறது. இது நீதியான நிலையா என்று கேட்கிறோம்.

ஒரு குடும்பம், பல சட்டம்

எமது மக்கள் இன்று பல தேசங்களிற் சிதறி வாழ்கின்றனர். ஒரே தாய் வயிற்றிற் பிறந்த சகோதரிகள் பல நாடுகளில் இருந்தால், இந்தச் சிறு குப்பியைப் பொறுத்தவரையில் அவர்கள் பல சட்டங்களின்கீழ் வாழ்கின்றனர்.

இலண்டனில் வாழும் மூத்தவள் இதைத் தொடவே கூடாது. 1968ஆம் ஆண்டின் பிரித்தானியச் சுடுகலன்கள் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தீங்கு தரும் திரவத்தையோ வாயுவையோ வெளியேற்றும் கருவியைத் தடைசெய்யப்பட்ட ஆயுதமாக்கியிருக்கிறது. அதிகூடிய தண்டனை பத்து ஆண்டுச் சிறை. ரொறன்ரோவில் வாழும் அடுத்தவளின் நிலை இன்னும் விந்தையானது. மனிதர்மீது பயன்படுத்துவதற்கென்று செய்யப்பட்ட தெளிப்பான் கனடாவில் தடைசெய்யப்பட்ட ஆயுதம். கரடியை விரட்டுவதற்கென்று செய்யப்பட்டதோ கடையில் விலைக்குக் கிடைக்கும். ஆனால், கரடிக்குரியதை மனிதனுக்கென்று எண்ணிக் காவித் திரிந்தால் அதுவும் குற்றமே.

ஜேர்மனியிலும் பெயரே வழி திறக்கிறது. விலங்குகளிடமிருந்து காப்பதற்கானது என்று மேலே அச்சிட்ட தெளிப்பான் அங்கு ஆயுதச் சட்டத்துக்குள் வருவதில்லை. எமது மேசைமீதிருந்த குப்பியின் எழுத்தும் அதுவே. தாக்கப்பட்டவர் உயிர்காக்க அதனை மனிதன்மீது பயன்படுத்தினால் தற்காப்புச் சட்டம் அவருக்குத் துணைநிற்கும். பிரான்சில் பதினெட்டு வயதானவர் சிறிய குப்பியை வாங்கலாம். ஆயினும், நியாயமான காரணமின்றி வீதியிற் காவித் திரிதல் கூடாது. அச்சம் நியாயமான காரணமா என்பதை அங்கும் பொலிஸாரும் நீதிமன்றமுமே தீர்மானிக்கின்றன. சுவிற்சர்லாந்தில் வயதுவந்தவருக்கு மிளகாய்த் தெளிப்பான் விற்கப்படுகிறது. கண்ணீர்ப்புகை வகைகளோ அங்கு ஆயுதச் சட்டத்துக்குட்பட்டவை. சிங்கப்பூரில் முழுத் தடை.

ஒரு நாட்டுக்குள்ளேயே மாகாணத்துக்கு மாகாணம் சட்டம் வேறுபடுவதும் உண்டு. அவுஸ்திரேலியாவிலே, மேற்கு அவுஸ்திரேலியா தக்க காரணமுள்ளவர் தற்காப்புக்காக இதனைக் கொண்டுசெல்ல நெடுங்காலமாக இடமளித்து வந்தது. சிட்னியிலும் மெல்பேணிலும் அது தடைசெய்யப்பட்ட ஆயுதம். வட ஆட்புலம், 2025 செப்டெம்பரில், பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்குப் பன்னிரண்டு மாதப் பரீட்சார்த்தமாக அனுமதி வழங்கியது. ஐக்கிய அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களும் அனுமதித்தன. ஆனால், ஒவ்வொன்றும் தன் விதியைத் தனியே எழுதியது. கலிபோர்னியா குப்பியின் நிறைக்கு இரண்டரை அவுன்ஸ் என்று எல்லை வைத்தது. நியூ யோர்க், மருந்துக்கடையிலோ அனுமதிபெற்ற ஆயுத வியாபாரியிடமோ வாங்கவேண்டும் என்றது. மசாசூசெட்ஸ், 2014 வரை அனுமதி அட்டை கேட்டுவிட்டுப் பின்னர் வயதுவந்தவருக்கு அதனை நீக்கியது.

பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டில் இதனைக் கடையில் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்ள உத்தரவுச் சீட்டு வேண்டியதில்லை. 2012 டிசெம்பரில் டில்லியில் ஓடும் பஸ்ஸில் மாணவியொருத்திக்கு நேர்ந்த கொடுமைக்குப் பின்னர், இந்திய நகரங்களெங்கும் பெண்கள் இதைத் தேடி வாங்கினர்.

விமானத்தில் வரும் உறவினருக்கும் ஒரு வார்த்தை. பயணியின் கைப்பையிலோ பெட்டியிலோ இக்குப்பியை ஏற்றுவதற்கு உலக விமானச் சேவைகளின் பொது விதி இடமளிப்பதில்லை. அமெரிக்காவின் விமான நிலையங்கள் மட்டும், 118 மில்லிலீற்றருக்கு மேற்படாத ஒரு குப்பியைப் பூட்டோடு பெட்டியில் வைக்க விடுகின்றன. அங்கும் அந்தந்த விமான நிறுவனம் மறுக்கலாம். அன்போடு கொண்டுவந்த மைத்துனர், தம்மை அறியாமலே ஒரு விதியை மீறியே கொண்டுவந்திருக்கிறார்.

இத்தனை நாடுகளையும் நாம் சுற்றிக் காட்டியதன் நோக்கம், எந்த நாட்டுச் சட்டம் சிறந்தது என்று பரிசு கொடுப்பதன்று. தடுத்த நாடு, தடுத்தோம் என்று எழுதியிருக்கிறது. அனுமதித்த நாடு, யாருக்கு, எவ்வளவு, எங்கே என்று எழுதியிருக்கிறது. இலண்டனில் வாழும் சகோதரிக்குத் தன் நிலை தெரியும். பேர்த்தில் வாழும் சகோதரிக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில் இருக்கும் கடைக்குட்டிக்கு மட்டும் தெரியாது.

தெளிவின்மை எம்மை வருத்துவது ஏன்?

"சட்டம் தெளிவற்றதென்றால் நல்லதுதானே, தடை இல்லையென்று வைத்துக்கொள்வோமே" என்று சிலர் கூறக்கூடும். இந்தக் குடாநாட்டில் வாழ்ந்தவர் அவ்வாறு கூறமாட்டார். எழுதாத சட்டம் எவர் கையில் இருக்கிறதோ அவருடைய மனநிலையே சட்டமாகும் என்பதை நாம் பட்டறிந்தவர்கள்.

தொண்ணூறுகளை எண்ணிப் பாருங்கள். கொழும்பிற் பெட்டிக்கடையில் வாங்கக்கூடிய ரோர்ச் பற்றரி, வடக்கே கொண்டுவந்தாற் குற்றப்பொருளாயிற்று. மண்ணெண்ணெயும் சீமெந்தும் உரமும் பொருளாதாரத் தடைப் பட்டியலில் இடம்பெற்றன. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை இன்னும் உயிரோடிருக்கிறது. ஒரே நாடு, ஒரே சட்டம் என்று மேடையில் முழங்கியவர்களின் ஆட்சியிலேயே, ஒரு சிறு பற்றரி மதவாச்சிக்குத் தெற்கே பொருள், வடக்கே ஆயுதம்! அந்தத் தடை 2002இல் நீங்கிற்று. பையைத் திறக்கச் சொல்லும் குரலைக் கேட்டால் நெஞ்சு படபடக்கும் பழக்கம் நீங்கவில்லை.

2011 ஓகஸ்ட் மாதத்தையும் மறந்துவிடுதல் ஆகாது. கிறீஸ் பூதம் என்ற பீதி நாடெங்கும் பரவிய காலம். மர்ம மனிதரை மக்கள் துரத்தியதாக எழுந்த கலவரத்தின்பின், யாழ்ப்பாணக் கரையோரத்து நாவாந்துறையில் நள்ளிரவில் வீடுகள் சூழப்பட்டன. நூறு பேரளவில் ஆண்கள் இழுத்துச் செல்லப்பட்டு அடிபட்டனர். தம் வீட்டுப் பெண்களைக் காக்க வீதிக்கு வந்தவர்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். தற்காப்புக்கும் கலகத்துக்கும் இடையிலுள்ள கோட்டைச் சீருடை அணிந்தவர் தம் விருப்பப்படி வரைந்தால், அதன் விளைவு என்னவென்பதற்கு இதனிலும் பெரிய சான்று வேண்டுமா?

அத்தகைய கையில், சட்டத்தின் எழுத்தில்லாத குப்பியொன்றை வைத்திருக்கும் பெண்பிள்ளையை ஒப்படைக்க நாம் தயாரில்லை.

எதிர்வாதங்களும் எமது விடையும்

எதிர்ப்பக்கத்து வாதங்களை ஒளித்துவைப்பது சட்டத்தரணிக்கு அழகன்று. அவற்றையும் எடுத்துக்கொள்வோம்.

கள்வனும் இதைக் கையிலெடுப்பான் என்பது முதலாவது வாதம். உண்மை. மிளகாய்த்தூளைக் கண்ணில் வீசிச் சங்கிலி அறுத்த செய்திகளை நாம் பத்திரிகைகளிற் படித்தேயிருக்கிறோம். ஆனால், அவன் அதற்குச் சட்டத்தின் அனுமதியைக் காத்திருக்கவில்லை. கறித்தூள்ப் போத்தல் ஒவ்வொரு குசினியிலும் இருக்கிறது. தடையினால் வெறுங்கையாவது, சட்டத்துக்கு அஞ்சும் பிள்ளை ஒருத்தியே.

பொறுப்பற்றவர் கையில் இது ஆபத்தாகும் என்பது இரண்டாவது வாதம். இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. 2014 பெப்ரவரி 13ஆம் நாள், தெலுங்கானா மசோதா வந்தபோது, இந்திய மக்களவைக்குள்ளேயே உறுப்பினரொருவர் மிளகாய்த் தெளிப்பானை அடித்தார். பலர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 2018 நவம்பர் 16ஆம் நாள், எமது நாட்டுப் பாராளுமன்றத்தில், உறுப்பினர் சிலர் மிளகாய்த்தூள் கலந்த நீரைச் சக உறுப்பினர்மீதும் பொலிஸார்மீதும் வீசினர். சட்டம் இயற்றும் மன்றத்தில் மிளகாய் வீசியவர்களின் சகாக்கள், கடைப்பிள்ளையின் கைப்பையிலுள்ள மிளகாயைப்பற்றி எமக்கு உபதேசம் செய்ய வருவதை நாம் ஏற்கமாட்டோம்.

எனினும் இவ்வாதத்தில் உண்மையின் ஒரு பகுதி உண்டு. கர்நாடக உயர் நீதிமன்றம், 2024 மே மாதத்தில், வணிக நிலையம் ஒன்றின் வாசற்படி தகராறிலே தெளிப்பானைப் பயன்படுத்தியவர்கள்மீதான வழக்கை நீக்க மறுத்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்ததாக மேலோட்டத்தில் தோன்றாதபோது தற்காப்பென்று கூற முடியாது என்றும், அத்தெளிப்பான் ஆபத்தான ஆயுதமே என்றும் அது கூறிற்று. அந்த இந்தியச் சட்டக்கோவை எமது 1883ஆம் ஆண்டுக் கோவைக்குத் தாய் போன்றது. ஆகவே, வாங்கலாம் என்ற அனுமதி, எவர்மீதும் அடிக்கலாம் என்ற அனுமதியாகாது. வாய்த்தர்க்கத்துக்கும் காணிச் சண்டைக்கும் இதைக் கையிலெடுப்பவன் தண்டிக்கப்படவேண்டும், கடுமையாகவே தண்டிக்கப்படவேண்டும். இதில் எமக்கும் அரசினருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

காப்பது அரசின் வேலை, குடிமக்கள் தாமே காத்துக்கொள்ளப் புறப்பட்டால் ஒழுங்கு குலையும் என்பது மூன்றாவது வாதம். அந்த வேலையை அரசு செய்கிறதா என்பதே கேள்வி. போரிற் பயன்படுத்தக்கூடாதென்று 1993ஆம் ஆண்டின் இரசாயன ஆயுத உடன்படிக்கை விலக்கிய கண்ணீர்ப்புகையை, கலகம் அடக்குதல் என்ற பெயரில் அரசு தன் குடிமக்கள்மீது வீசலாம்; 2022ஆம் ஆண்டில் கொழும்பு வீதிகளில் அது வீசப்பட்டதை உலகம் கண்டது. கூட்டத்தின் கண்ணை எரிக்க அரசுக்கு உரிமை உண்டு. தன்மேற் பாயும் ஒருவனின் கண்ணை எரிக்கப் பிள்ளைக்கு உரிமை உண்டா என்பதற்கு மட்டும் விடை இல்லை!

பாதுகாப்பு எங்கே?

இப்போது 92ஆம் பிரிவின் இரண்டாவது வேலிக்கு வருவோம். அரச பாதுகாப்பை நாட நேரமிருக்கும்போது நீ கையோங்காதே என்கிறது சட்டம். நல்ல சட்டம். ஆனால், அக்கட்டளைக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. நாடினாற் பாதுகாப்புக் கிடைக்கவேண்டும்.

ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் நடத்திய ஆய்வில், பஸ்ஸிலும் புகையிரதத்திலும் பாலியற் தொந்தரவுக்கு ஆளானதாக நூற்றுக்கு 90 பெண்கள் கூறினர். பொலிஸாரிடம் முறையிட்டவர்கள் நூற்றுக்கு 4 பேரளவே. இத்தனைக்கும், 1995ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட 345ஆம் பிரிவு, பாலியற் தொந்தரவுக்கு ஐந்து ஆண்டுவரை சிறை விதிக்க இடந்தருகிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது; முறைப்பாடு வாய்க்குள் நிற்கிறது. ஏன்? முறையிடச் சென்றால், "அந்த நேரத்தில் அங்கே உனக்கு என்ன வேலை?" என்ற கேள்வியே முதலில் வருமென்று பெண்கள் அஞ்சுகிறார்கள்.

அதற்குமேல் எமக்கு மொழியென்னும் சுமையும் உண்டு. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை வடக்கிலும் கிழக்கிலும் தமிழை நிருவாக மொழியாக்கியிருக்கிறது. ஆயினும், தன் மானத்துக்கு நேர்ந்த இழுக்கைச் சொல்லவந்த பெண், மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் காத்திருக்க நேர்வதும், தான் வாசிக்கமாட்டாத மொழியில் எழுதிய வாக்குமூலத்திற் கையொப்பமிட நேர்வதும் எமது கட்சிக்காரரின் வாயிலாக நாம் அறிந்த கதைகள். அரச பாதுகாப்பை நாடு என்று கட்டளையிடும் சட்டம், நாடிச் செல்பவளுக்கு விளங்கும் மொழியிற் பேசக் கடமைப்பட்டதல்லவா?

2015 மே மாதம் 13ஆம் நாள், புங்குடுதீவில், பள்ளிக்கூடம் போகும் வழியிலே பதினெட்டு வயது மாணவி கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டாள். குடாநாடே கடையடைத்து அழுதது. யாழ்ப்பாணத்திற் கூடிய மூவர் கொண்ட விசேட நீதிமன்றம், 2017 செப்டெம்பர் 27ஆம் நாள், எழுவருக்கு மரண தண்டனை விதித்தது. தீர்ப்பு வந்தது, பிள்ளை வரவில்லை. ஒரு குப்பி அவளைக் காத்திருக்குமென்று நாம் கூறமாட்டோம். பலர் சூழ்ந்தவிடத்தில் அது காத்திருக்காது என்பதே எமது எண்ணம். அந்தப் பாதையில் ஒரு பஸ் நேரத்துக்கு ஓடியிருந்தால், ஒரு காவல் சைக்கிள் சுற்றியிருந்தால் என்று இன்றும் நெஞ்சு கேட்கிறது. குற்றத்தின்பின் வரும் தண்டனையை மட்டும் காட்டி, குற்றத்துக்கு முன் வரவேண்டிய காவலை மறந்துவிட அரசுக்கு உரிமையில்லை.

நாம் கேட்பவை

ஆகவே, இரண்டிலொன்றை அரசினர் செய்யவேண்டும். தடுப்பதானால், வெளிப்படையாக எழுதித் தடுத்து, அதற்கு ஈடான காவலை ஒவ்வொரு சந்தியிலும் வழங்கட்டும். காவலை வழங்க இயலாதென்றால், எல்லை வகுத்து அனுமதிக்கட்டும். முன்னதை இந்த நாடு செய்யுமென்ற நம்பிக்கை எமக்கில்லை. எனவே பின்னதை வற்புறுத்துகிறோம்.

பாராளுமன்றம் இதற்கெனச் சிறு சட்டமொன்றை இயற்றட்டும். பதினெட்டு வயதானவர் சிறு அளவுக் குப்பியொன்றை வைத்திருக்கலாம் என்று அது கூறட்டும். உறைப்பின் அளவுக்கு எல்லை இருக்கட்டும். மிளகாயன்றி வேறு நஞ்சோ அமிலமோ கலந்தால் கடுந்தண்டனை இருக்கட்டும். அரச பதிவுள்ள மருந்துக்கடையில், அடையாள அட்டையைக் காட்டி, பெயர் பதிந்து வாங்கும் முறை அமையட்டும். பொதுக்கூட்டத்துக்கும் நீதிமன்றத்துக்கும் பாடசாலைக்கும் கொண்டுசெல்லலாகாது என்று விலக்கட்டும். குற்றம் புரியப் பயன்படுத்தியவனுக்கு, அக்குற்றத்துக்குரிய தண்டனைக்கு மேலாக ஒரு தண்டனை சேரட்டும். மும்மொழியிலும் அது அச்சாகி ஒவ்வொரு பொலிஸ் நிலையத்துச் சுவரிலும் தொங்கட்டும்.

அச்சட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டாதவை சில உண்டு. பெண்ணொருத்தியின் கைப்பையில் இக்குப்பியைக் கண்டால் என்ன செய்யவேண்டும் என்று பொலிஸ் மா அதிபர் எழுத்தில் அறிவுறுத்தட்டும். குடாநாட்டின் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும், இரவிலும், தமிழறிந்த பெண் உத்தியோகத்தர் ஒருவர் முறைப்பாடு எழுத இருக்கட்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் மாகாணங்களுக்கு எழுத்திற் கொடுத்த பொலிஸ் அதிகாரத்தைச் செயலிற் கொடுக்க மறுத்தவர்கள், அதற்குப் பதிலாக இதையாவது செய்யத் தயங்குவானேன்? கடைசி பஸ் வந்துசேரும் சந்திகளில் வெளிச்சம் போடுவது பிரதேச சபைகளின் கடமை. அதற்குக் கொழும்பைக் காத்திருக்கவேண்டியதில்லை.

எம்மவர்க்கும் ஒரு சொல்

அரசினரைக் குறைகூறுவதோடு எமது கடமை முடிந்துவிடவில்லை. பெண்ணுக்கு ஆபத்தென்றால் அவளை வேலையிலிருந்து நிறுத்துவதே எம்மிற் பலருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். திருடனுக்கு அஞ்சி வீட்டுக்காரனைச் சிறைவைப்பதற்கு ஒப்பானது அது. பஸ்ஸிலே பிள்ளையொருத்தி குரலெழுப்பினால் யன்னலுக்கு வெளியே பார்க்கும் ஆண்களும் இந்தக் குற்றத்திற் பங்காளிகளே. மாதர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கடைசி பஸ்ஸின் நேரத்துக்குச் சந்திவரை சென்று கூட்டிவரும் முறையொன்றை வகுத்துக்கொள்ளலாம். அதற்கு எச்சட்டமும் வேண்டியதில்லை.

குப்பியைப்பற்றியும் மயக்கம் வேண்டாம். சோளகம் அடிக்கும் ஆடி மாதத்தில், காற்றை எதிர்த்து அடித்தால் அது அடித்தவளின் முகத்துக்கே திரும்பும். ஆஸ்துமா உள்ளவருக்கு அது பேராபத்தாகலாம். பழகாத கையில் எந்தக் கருவியும் எதிரியின் கருவியாகிவிடும். அதனை முதற்காவலாக எண்ணாமல், ஓடித் தப்புவதற்குரிய ஒரு நிமிடமாக எண்ணவேண்டும்.

அந்தத் தந்தைக்கு நாம் கூறிய விடையையும் இங்கே பதிகிறோம். "தன்னைக் காக்கும் உரிமை உங்கள் மகளுக்கு உண்டு, அதைச் சட்டக்கோவை தந்திருக்கிறது. இக்குப்பியை வைத்திருக்கலாம் என்று எழுதித் தந்த சட்டத்தை நான் உங்களுக்குக் காட்ட முடியாது. தாக்கப்பட்டபோது தேவையான அளவுக்கு மட்டும் பயன்படுத்தினால், நீதிமன்றத்தில் அவளுக்காக வாதாட முடியும். பையிற் கண்டு விசாரித்தால், ஏன் வைத்திருக்கிறாள் என்று உண்மையைச் சொல்லட்டும். 119ஐயும், பெண்களுக்கான 1938ஐயும் தொலைபேசியிற் பதிந்துவைக்கட்டும். நீங்கள் சந்திக்குப் போய்க் கூட்டிவருவதையும் நிறுத்தவேண்டாம்" என்றோம்.

அவர் குப்பியை மீண்டும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு எழுந்தார். "அப்போ ஆமோ இல்லையோ, ஐயா?" என்று வாசலில் நின்று மறுபடியும் கேட்டார்.

அந்தக் கேள்வியை அப்படியே பாராளுமன்றத்தின் வாசலில் வைக்கிறோம். ஆமென்று கூறுங்கள், அல்லது இல்லையென்று கூறி எம் பிள்ளைகளுக்குக் காவல் தாருங்கள். இரண்டுமின்றி இருளில் விடும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை!